‘கிங் அண்ட் கன்ட்ரி’ படத்தின் முடிவு: அந்தக் கடைசி ‘மன்னிக்கவும்’ எதற்காக?

கேள்வி: வாசகி, பாளையங்கோட்டை

சென்ற சனிக்கிழமை இரவு நண்பர் ஒருவரின் வீட்டு மொட்டைமாடியில் நாங்கள் ஒன்பது பேர் கூடி, 1964ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கிங் அண்ட் கன்ட்ரி’ என்னும் கறுப்பு வெள்ளை ஆங்கிலப் படத்தைப் பார்த்தோம். படம் முடிந்து பாய்களைச் சுருட்டி வைத்த பின்பும் பேச்சு ஓயவில்லை. வீட்டுக்கு வந்த பின்பும் எனக்கு அதிலிருந்து மீள முடியவில்லை. ஆகவே இங்கே கேட்கிறேன். முடிவை வெளிப்படையாகப் பேச வேண்டியிருப்பதால், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்குமாறு வேண்டுகிறேன்.

கதை 1917இல், பெல்ஜியத்தின் பாஷன்டேல் போர்முனையில் நடக்கிறது. ஆர்தர் ஹாம்ப் என்ற சாதாரணச் சிப்பாய், 1914இல் தானாக முன்வந்து படையில் சேர்ந்தவர். மூன்று ஆண்டுகள் போர்முனையில் கிடந்தவர். தம் கம்பெனியில் உயிரோடு எஞ்சிய ஒரே ஆள். குண்டு விழுந்த பள்ளத்துச் சேற்றில் அமிழ்ந்து சாகப் போய் மீண்ட பிறகு, ஒரு நாள் பீரங்கிச் சத்தத்துக்கு எதிர்த்திசையில், வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கிவிடுகிறார். பிடித்து வந்து இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்துகிறார்கள். அவருக்காக வாதாட நியமிக்கப்படும் கேப்டன் ஹார்கிரீவ்ஸ், தொடக்கத்தில் அவரை ஒரு கோழையாகவே பார்க்கிறார். போகப் போக அந்த எளிய மனிதரின் உண்மை அவரை அசைத்துவிடுகிறது. இருந்தும் மரண தண்டனை உறுதியாகிறது. மறுநாள் சுடும் அணியில் நிற்பவர்கள் ஹாம்போடு ஒரே பதுங்குகுழியில் கிடந்தவர்கள்தாம். அவர்கள் சுடுகிறார்கள்; ஹாம்ப் சாகவில்லை. சேற்றில் குற்றுயிராய்க் கிடப்பவரிடம் கேப்டன் வந்து குனிந்து, இன்னும் முடியவில்லையா என்று கேட்கிறார். “இல்லை சார், மன்னிக்கவும்” என்கிறார் ஹாம்ப். கேப்டன் தம் கைத்துப்பாக்கியால் அவரைச் சுட்டு முடிக்கிறார். அவ்வளவுதான் படம்.

எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர், கேப்டன் செய்தது கருணை என்றார்கள். துடிக்கும் உயிரை அப்படியே விட்டுவிட்டுப் போவதுதான் கொடுமை என்பது அவர்கள் வாதம். மீதிப் பேர், வாயால் காப்பாற்ற வந்தவர் கையால் கொன்றார், இதில் எங்கே கருணை என்றார்கள். எனக்கு இரண்டும் போதவில்லை. என்னை உறுத்துவது அந்தச் சிப்பாயின் மறுமொழி. குண்டு பாய்ந்து கிடப்பவன், தன்னைக் கொல்ல வந்தவரிடம் எதற்காக மன்னிப்புக் கேட்கிறான்? ஓடியதற்கா, சாகாமல் கிடந்து தொல்லை கொடுப்பதற்கா?

மறுமொழி 1: முன்னாள் ஹவில்தார், நாங்குநேரி வட்டம்

அம்மா, நான் இருபத்து நான்கு ஆண்டுகள் தரைப்படையில் இருந்து ஓய்வு பெற்றவன். தங்கள் கேள்வியைப் பார்த்த பிறகு, என் மகனிடம் சொல்லி அந்தப் படத்தைப் போடச் செய்து பார்த்தேன். முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் முடிவைப் பற்றிப் பேசினால் கேப்டனுக்கு அநியாயம் செய்தவர்கள் ஆவோம்.

அந்தக் காலத்து ஆங்கிலேயப் படையில், சுடும் அணி சுட்ட பின்பும் உயிர் இருந்தால், அணிக்குத் தலைமை தாங்கும் அதிகாரி கைத்துப்பாக்கியால் முடிக்க வேண்டும் என்பது வழக்கம். ஆக, யாரோ ஒருவர் அதைச் செய்தே தீர வேண்டியிருந்தது. படத்தில் அதைச் செய்பவர் வழக்காடியவராக இருப்பதுதான் கதை. அவர் விலகி நின்றிருக்கலாம். தம் பொறுப்பு நீதிமன்றத்தோடு முடிந்தது என்று கூடாரத்துக்குப் போயிருக்கலாம். அவர் போகவில்லை என்பதை நான் பெரிதாக எண்ணுகிறேன்.

இரண்டாவது, அந்த ‘சார்’ என்ற சொல். தாங்கள் மன்னிப்பைக் கவனித்தீர்கள். நான் ‘சாரை’க் கவனித்தேன். பயிற்சி மையத்தில் முதல் நாளிலிருந்து எங்களுக்குள் ஊறுவது அதுதான். அதிகாரி கேட்டால் பதில் சொல்ல வேண்டும். வேலை முடியவில்லை என்றால், முடியவில்லை என்று சொல்லி வருத்தமும் தெரிவிக்க வேண்டும். ஹாம்ப் செத்துக்கொண்டிருக்கும்போதும் அதையே செய்கிறான். ஓடிப்போனவன் என்று எவனைச் சுட்டார்களோ, அவன் கடைசி மூச்சு வரைக்கும் சிப்பாயாகவே இருக்கிறான். கோழை என்ற குற்றச்சாட்டுக்கு, நீதிமன்றத்தில் கிடைக்காத பதில் சேற்றில் கிடைத்துவிட்டது. எனக்குப் பட்டது இதுதான்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் படையில் இப்படிப் போனவரை இந்தியில் ‘பகோடா’ என்பார்கள். ஓடியவன் என்று பொருள். லீவில் வந்தவன் திரும்பாவிட்டால், பிடித்துத் தரும்படி ஊர்க் காவல் நிலையத்துக்குத் தாள் வரும். முப்பது நாள் கடந்தால் படைக்குள் விசாரணை வைத்து ஓடியவன் என்று பதிவார்கள். எங்கள் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் பனிமலை முகாமிலிருந்து லீவில் வந்து, திரும்பிப் போக மாட்டேன் என்று தோட்டத்து மோட்டார் அறையில் போய்ப் படுத்துக்கொண்டான். அவனுடைய தாயார் என்னிடம் வந்து அழுதார்கள். நான் ஒன்பது நாள் அவனோடு பேசினேன். அவன் பயந்தவன் இல்லை என்பது இரண்டாவது நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. கூடப் படுத்திருந்தவன் பனிச்சரிவில் போனதைப் பார்த்திருக்கிறான், அதற்குப் பிறகு அவனுக்கு உறக்கம் இல்லை. நானே ரயிலில் கூட்டிக்கொண்டு போய் ஒப்படைத்தேன். 28 நாள் காவலோடு விட்டார்கள். ஹாம்புக்கும் அப்படி ஒரு முடிவு சாத்தியமாகத்தான் இருந்தது. முதல் உலகப் போரில் ஆங்கிலேயப் படையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, பத்தில் ஒன்பது பங்கு மேலிடத்தில் குறைக்கப்பட்டது. பட்டாலியன் முன்வரிசைக்குப் போகப் போகிறது, மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்பதற்காகத்தான் படத்தில் இவனுக்குக் குறைக்கவில்லை. அது எனக்கு ஆறவே இல்லை.

மறுமொழி 2: தமிழாசிரியை, அம்பாசமுத்திரம்

ஹவில்தார் அண்ணாச்சி எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் வேறு வழியாக அதே சேற்றுக்கு வந்து சேர்கிறேன்.

புறமுதுகு காட்டுதல் என்றவுடன் நம்மவர்க்கு நினைவுக்கு வருவது புறநானூற்றின் 278ஆம் பாட்டு. மகன் போரில் பின்வாங்கினான் என்று பலர் சொல்லக் கேட்ட முதிய தாய், அது உண்மையானால் அவன் பாலுண்ட மார்பை அறுத்தெறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போய், பிணங்களைப் புரட்டிப் பார்த்து, அவன் சிதைந்து கிடக்கக் கண்டு, பெற்ற நாளிலும் பெரிதாக மகிழ்ந்தாள் என்று காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடுகிறார். நான் முப்பது ஆண்டுகள் இந்தப் பாட்டைப் பெருமையோடு நடத்தியிருக்கிறேன். இந்தப் படத்தைப் பார்த்த பிறகு, அந்தத் தாயிடம் ‘உன் மகன் ஓடினான்’ என்று போய்ச் சொன்ன அந்தப் ‘பலர்’ யார் என்று கேட்கத் தோன்றுகிறது. செத்துக் கிடந்ததால் அவன் மானம் பிழைத்தது. உயிரோடு திரும்பியிருந்தால் அவனுக்காக வாதாட அங்கே யார் இருந்திருப்பார்கள்?

ஆனால் நம் மரபில் இந்த ஒரு குரல் மட்டும் இல்லை என்பதைத்தான் முதன்மையாகச் சொல்ல விரும்புகிறேன். போரைப் பாடும் புறப்பாடல்களில் ‘தழிஞ்சி’ என்று ஒரு துறை, அதாவது ஒரு பாடுபொருள் வகை, உண்டு. தோற்றுப் புறங்காட்டி ஓடுபவர் மேல் படைக்கலம் ஓச்சாத பேராண்மையைப் புறப்பொருள் வெண்பாமாலை என்னும் இலக்கண நூல் அந்தப் பெயரால் குறிக்கிறது. தொல்காப்பியத்துக்கு உரை கண்டவர்களிடமோ அதே சொல், போரில் புண்பட்டவர்களை அரசன் தானே போய்க் கண்டு தழுவிக்கொள்வதைக் குறிக்கும். ஓடுபவனைக் கொல்லாமல் விடுவதும், விழுந்தவனைத் தழுவுவதும் ஒரே சொல்லுக்குள் வந்து சேர்ந்திருப்பது எனக்கு எப்போதுமே வியப்பு.

நெடுநல்வாடையின் கடைசிப் பகுதியை நினைத்துப் பாருங்கள். அதன் தலைவன் தலையாலங்கானத்துச் செருவென்ற நம் பாண்டியன் நெடுஞ்செழியன் என்று உரை மரபு கொள்ளும். வாடைக் காற்று வீசுகிறது, மழைத் துளி ஓயவில்லை, நள்ளிரவில் பாசறைத் தெருவெல்லாம் சேறு. ‘இருஞ்சேற்றுத் தெருவு’ என்றே நக்கீரர் எழுதுகிறார். அந்தச் சேற்றில் அரசன் ஒரு சிலரோடு நடந்து போய், புண்பட்டவர்களை ஒவ்வொருவராகப் பார்க்கிறான். முன்னே செல்பவன் வேலால் அவர்களைச் சுட்டிக்காட்டுகிறான்.

இந்தப் படத்தின் முடிவில் கேப்டன் சேற்றில் இறங்கி, விழுந்தவனைக் கையில் ஏந்துகிறார். அந்தக் கணம் வரைக்கும் அது தழிஞ்சிதான். அரசன் வந்து குனிந்து பார்த்துவிட்டான். ஆனால் அவன் வரும்போதே கையில் துப்பாக்கியோடு வருகிறான். தழுவும் கையும் சுடும் கையும் ஒன்றாகிப் போன ஒரு தழிஞ்சியை நம் இலக்கணம் கண்டதில்லை. கருணையா கொலையா என்று உங்கள் நண்பர்கள் இரண்டாகப் பிரிந்ததற்குக் காரணம் அதுவே என்று நினைக்கிறேன். அந்தச் செயல் இரண்டாகப் பிரிக்கவே முடியாதபடி அமைந்திருக்கிறது.

சேற்றைப் பற்றி ஒரு சொல். பாஷன்டேல் தாழ்வான நிலம், வாய்க்கால்களால் நீரை வடித்துக் காத்து வந்த நிலம். ஓயாத பீரங்கிக் குண்டுகள் அந்த வடிகால்களைச் சிதைத்த பிறகு பெய்த மழைக்குப் போக வழியில்லை. மனிதரும் குதிரைகளும் அதில் அமிழ்ந்தனர். வடிகால் அடைபட்டால் வயல் என்ன ஆகும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் தாமிரபரணி கரை மீறியபோது, வெள்ளம் வடிந்த தெருக்களில் இடுப்பளவுச் சேற்றில் கால் சிக்கி அழைத்த ஒரு முதியவரை நாங்கள் நான்கு பேர் சேர்ந்துதான் இழுத்தோம். ஹாம்ப் தம் பயத்தை விவரிக்கும் இடத்தில் எனக்கு அவருடைய முகம்தான் வந்தது.

மறுமொழி 3: சட்ட மாணவர், திருநெல்வேலி

பெரியவர்கள் கேப்டனிடம் அதிக இரக்கம் காட்டுகிறார்கள் என்பது என் தாழ்மையான கருத்து. அவர் நீதிமன்றத்தில் கேட்டது என்ன? இந்த மனிதன் தன் செயலுக்குப் பொறுப்பாகும் மனநிலையில் இல்லை என்றுதான் கேட்டார். ஓடியவனைக் கொல்லும் அதிகாரம் உங்களுக்கு ஏது என்று ஒருமுறையும் கேட்கவில்லை. அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, அதற்குள் ஒரு விலக்குக் கேட்டார். விலக்குக் கிடைக்காதபோது, ஏற்றுக்கொண்ட சட்டத்தின் கடைசி வரியைத் தாமே எழுதி முடித்தார். அவர் கொடியவர் என்று நான் சொல்லவில்லை. நல்லவர் ஒருவரின் கையைக்கொண்டுதான் அந்த இயந்திரம் தன் வேலையை முடித்துக்கொண்டது என்கிறேன்.

வாசகி அவர்களின் கேள்விக்கு நேராக வருகிறேன். ஆங்கிலேய அரசு 2006ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றி, முதல் உலகப் போரில் ஓடியதற்காகவும் கோழைத்தனத்துக்காகவும் இவை போன்ற குற்றங்களுக்காகவும் சுடப்பட்ட 306 பேருக்கு மன்னிப்பு வழங்கியது. அதே சட்டப் பிரிவு, இந்த மன்னிப்பால் தீர்ப்போ தண்டனையோ மாறாது என்றும் சொல்கிறது. அதாவது, நீ குற்றவாளிதான், உன்னை மன்னித்தோம் என்பதே அதன் பொருள். 1917இல் சேற்றில் கிடந்தவன் மன்னிக்கும்படி கேட்கிறான்; 89 ஆண்டுகள் கழித்து அரசு மன்னித்தோம் என்கிறது. இரண்டு இடத்திலும் மன்னிப்புக் கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. 1964இல் எடுத்த படம் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டது போல எனக்குத் தோன்றுகிறது.

நம் நாட்டிலும் 1950ஆம் ஆண்டு இராணுவச் சட்டத்தின் 38ஆவது பிரிவு, போர்ப் பணியில் இருக்கும்போது ஓடுபவருக்கு மரண தண்டனை வரை விதிக்கலாம் என்றே இன்றும் சொல்கிறது. ஆகவே, இதைப் பழைய கதை என்று ஒதுக்கிவிடலாகாது.

மறுமொழி 4: வில்லிசைக் குடும்பத்தவர், முக்கூடல்

எங்கள் தாத்தாவும் அப்பாவும் வில்லுப்பாட்டில் வில்லடித்தவர்கள். நான் அதில் குடம் அடிக்கிறேன். நான் படம் பார்க்கவில்லை. இங்கே எழுதப்பட்டதை வைத்து மட்டும் ஒன்று சொல்கிறேன். தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துக் கோயில் கொடை விழாக்களில் நாங்கள் பாடும் கதைகளில் பெரும்பாலானவை அநியாயமாகச் செத்தவர்களின் கதைகள். பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் இருக்கும் முத்துப்பட்டன் முதற்கொண்டு, ஊர் எல்லையில் பெயரில்லாத பீடமாக நிற்கும் வாதைகள் என்னும் ஆவித் தெய்வங்கள் வரைக்கும், வெட்டுப்பட்டும் குத்துப்பட்டும் செத்தவர்களே அங்கே சாமி. கதை எப்படிப் போகும் என்றால், செத்தவர் கயிலாசம் போய் ஈசனிடம் வரம் வாங்கித் திரும்பி வருவார்; கொன்றவனுடைய வீட்டு வாசலில் வந்து கணக்குக் கேட்பார்; கொன்றவனின் குலம் பீடம் போட்டுப் படையல் வைத்து வணங்கும் வரைக்கும் அடங்க மாட்டார். நாங்கள் அந்த இடத்தைப் பாடும்போதுதான் சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் வரும். ஊர்ச் சனம் முழுவதும் அப்போது எழுந்து நின்று கும்பிடும். கொன்றவன் வழியில் வந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் நிற்பார்கள்.

இந்தச் சிப்பாய் கணக்குக் கேட்கவில்லை. தலைகீழாக, தன்னைக் கொல்பவனிடம் அவனே பொறுத்துக்கொள்ளச் சொல்கிறான். எங்கள் கதைகளில் இப்படி ஒருவனும் கிடையாது. நான் யோசித்துப் பார்த்தேன். இவனுக்கு வில் வைத்துப் பாட வேண்டுமானால் எந்த இடத்தில், சாமியை வரவழைக்கும் வரத்துப் பாட்டைத் தொடங்குவது? கோபமே இல்லாதவனை எப்படி எழுப்புவது? அந்தக் கோபத்தை அவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, அதையும் சேர்த்து அவனிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. அவனைச் சுட்டதைவிட அது பெரிய பாவம்.

கேள்வி கேட்டவர்: வாசகி, பாளையங்கோட்டை

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு நான் தனியாக அந்தக் கடைசிப் பகுதியை மறுபடியும் பார்த்தேன். தமிழாசிரியை அம்மா சொன்ன தழிஞ்சியும், முக்கூடல் அண்ணாச்சி சொன்ன கோபமின்மையும் சேர்ந்துதான் பார்க்க வைத்தன.

ஒன்று புரிந்தது. ஹாம்ப் மன்னிப்புக் கேட்பது ஓடியதற்காக அன்று. நீதிமன்றத்திலும் அவர் தம் செயலை மறைக்கவில்லை, நடந்தேன் என்று உள்ளபடி சொன்னவர்தான். கேப்டனின் கேள்வியில் ஒரு களைப்பு இருக்கிறது. இன்னும் முடியவில்லையா என்று அவர் கேட்பது அந்த உடலைப் பார்த்து மட்டும் அன்று, போரைப் பார்த்தும், தம்மைப் பார்த்தும் கேட்பது போல இருக்கிறது. ஹாம்ப் அந்தக் களைப்பைக் கண்டுகொள்கிறார். தமக்காகப் பேசிய ஒரே மனிதருக்கு இன்னொரு வேலை வைத்துவிட்டோமே என்றுதான் வருந்துகிறார். அப்படிப் பார்த்தால் அந்த இடத்தில் இரக்கம் காட்டுபவர் கேப்டன் இல்லை, சாகிறவர்தான். சட்ட மாணவத் தம்பி சொல்லும் இயந்திரம் உண்மையே. ஆனால் அந்த இயந்திரத்தால் இந்த ஒரு குணத்தை மட்டும் ஹாம்பிடமிருந்து எடுக்க முடியவில்லை. முக்கூடல் அண்ணாச்சியோடு இந்த இடத்தில் மட்டும் நான் வேறுபடுகிறேன்.

எனினும் ஒன்று மீதம் இருக்கிறது. சுடும் அணியில் நின்ற நண்பர்கள் வேண்டுமென்றே குறி தவறச் சுட்டார்களா? அதற்கு முந்தைய இரவு அவர்களே அவருக்குக் குடிக்கக் கொடுத்து, கூத்தடித்து, அந்த இரவைக் கடக்க வைத்தவர்கள். தம் குண்டால் அவர் சாகக் கூடாது என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தால், அந்த அன்புதானே அவரைச் சேற்றில் துடிக்க விட்டது? ஹவில்தார் அண்ணாச்சி, கேட்கக் கூடாத கேள்வி என்றால் விட்டுவிடுங்கள். அந்த வரிசையில் தாங்கள் நின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

மறுமொழி 5: முன்னாள் ஹவில்தார், நாங்குநேரி வட்டம்

கேட்கலாம் அம்மா. நான் இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதுதான்.

நானும் குறி தவறித்தான் சுட்டிருப்பேன். நேராகச் சுடுவதே அவனுக்குச் செய்யும் உதவி என்று எனக்கு நன்றாகத் தெரியும். பத்தடியில் வைத்த இலக்கைத் தவறவிடும் கையும் இது இல்லை. தெரிந்தும், விரல் அழுத்தும் நேரத்தில் குழல் ஒரு விரற்கடை விலகியிருக்கும். பன்னிரண்டு பேரும் அப்படியே செய்திருப்போம். பிறகு கேப்டன் நடந்து வருவதைப் பார்த்துக்கொண்டு, துப்பாக்கியைத் தோளில் சாய்த்தபடி நின்றிருப்போம்.

நான் ரயிலில் கூட்டிக்கொண்டு போன அந்தப் பையனுக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது. பணியை முடித்துவிட்டு வந்து, வள்ளியூர்ப் பக்கம் கடை வைத்திருக்கிறான். போகும் வழியெல்லாம், மதுரை தாண்டும் வரைக்கும், “உங்களுக்குத்தான் தொல்லை கொடுத்துவிட்டேன் அண்ணாச்சி, மன்னிச்சிருங்க” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தான். அப்போது எனக்கு அது எரிச்சலாக இருந்தது. பேசாமல் வா என்று ஒரு அதட்டுப் போட்டேன். இந்தப் படத்தைப் பார்த்த இரவுதான் அது நினைவுக்கு வந்தது. நாளைக் காலையில் அவன் கடைக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம் என்றிருக்கிறேன்.